காக்கையாற்றுக்கு வழி

எந்த ஊரையும் காட்டாத கைகாட்டி மரம் ஒன்றை என் சீவியத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில், பழைய பின்னல் ஆலைகள் இருந்த பக்கம், ஒரு செங்கல் வீட்டின் முன்தோட்டத்தில் அது நின்றது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலான மரத்தூண், அதில் ஒரேயொரு கை, நுனியைக் கூராகச் சீவி வெள்ளைப் பெயின்ற் பூசியிருந்தது. எழுத்து என்று ஒன்றும் கிடையாது. வழி சொல்ல வேண்டிய மரம் வாயை மூடிக்கொண்டு நின்றது. காலையில் நான் சைக்கிளை மதிலில் சாத்தும்போது ஒரு காகமாவது அதன்மேல் குந்தியிருந்து என்னை மேலும் கீழும் பார்க்கும். வேலைக்குப் போன முதல் நாளே, என் வாய்தான் சும்மா கிடக்காதே, "இது எங்கை போற வழி?" என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுவிட்டேன். அவர் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, "முதலிலை கால்மேசைப் போடும்" என்றார்.

நான் நகரசபையின் வீட்டுப் பராமரிப்பு வேலைக்காரி. வயதானவர்களை மேல் கழுவி, கால் வீக்கத்துக்கு இறுக்கமான காலுறை, எங்கள் பேச்சில் கால்மேசு, இழுத்துப் போட்டு, மருந்து கொடுத்து, அடுத்த வீட்டுக்கு ஓடுவது என் பிழைப்பு. அந்த அம்மாவும் நானும் கதைத்தது டேனிஷில்தான். அது எனக்கு மட்டுமல்ல, அவருக்கும் பிறகு படித்த பாஷை என்பது பின்னாளில்தான் தெரிந்தது. அதனாலோ என்னவோ, அவர் சொன்னதெல்லாம் என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகவே கிடக்கிறது. உச்சரிப்பு ஒரு மாதிரி இருக்கிறதே என்று யாராவது கேட்டால், தான் தென் யூட்லாந்துக்காரி, ஜெர்மன் எல்லைப் பக்கம் பிறந்தவள் என்பார். நானும் நம்பினேன். தான் பிறந்தது ஒரு கந்தோரில் என்று ஒருநாள் சொன்னார். டேனிஷில் அது கொன்டோர், அலுவலகம். ஒல்லாந்தன் எங்களுக்கு விட்டுப்போன அதே சொல்தான். எங்கள் ஊரிலும் தபால் கந்தோர், காணிக் கந்தோர் என்றுதான் சொல்வோம் என்றதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து எனக்கு அவர் கந்தோர் அம்மா.

எங்கள் நாட்டில் சண்டை முடிந்த அந்த வைகாசியில் என் கண்கள் வீங்காத நாளே இல்லை. சின்னம்மாவின் பிள்ளைகள் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். ஒரு செய்தியும் இல்லை. ரெலிபோனை வேலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் என்னவென்று கேட்டார்கள், சொன்னேன், பாவம் என்றார்கள், கோப்பி குடித்தார்கள். கந்தோர் அம்மா மட்டும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு என்னை எதிரே இருத்தினார்.

"நான் இஞ்சை ஆரின்ரையோ வீட்டுத் தரையைத் துடைச்சுக்கொண்டு நிக்கிறன், அம்மா. அங்கை என்ரை சனம் சாகுது. சோறு தொண்டைக்குள்ளை இறங்குதில்லை" என்று விம்மினேன்.

அவர் சன்னலுக்கு வெளியே, அந்த மரத்தைப் பார்த்தார். "தென் யூட்லாந்து எண்டது பொய்" என்றார் பிறகு. "நானும் ஒரு சண்டையிலை இருந்து வந்தவள். ஜெர்மன்காரி. இந்தத் தெருவிலை ஒருத்தருக்கும் தெரியாது. என்ரை மகனுக்கும் முழுக்கத் தெரியாது."

அவருடைய கந்தோர் கிழக்குப் பிரஷியாவில் இருந்தது. இன்றைக்கு அந்த நாடே படத்தில் இல்லை. ஒருகாலத்தில் அது பிரஷிய அரசனின் சொந்தக் காணிகளையும், அவற்றோடு சேர்ந்த ஊர்களையும் ஆண்ட கந்தோராம். வரித் தானியம் அளந்தது, வழக்குத் தீர்த்தது, எந்தக் குடியானவன் எவளைக் கட்டலாம் என்று உத்தரவு கொடுத்தது எல்லாம் அந்த வீட்டில்தான். ஏறக்குறைய முந்நூறு வருடங்களுக்கு முன் ஒரு கொள்ளைநோய் வந்து, லித்துவேனிய மொழி பேசிய அந்தக் குடியானவர்களை ஊர் ஊராக வாரிக்கொண்டு போனது. கதவுகள் திறந்தபடி கிடந்தன. வயலில் புல் முளைத்தது. சனமில்லாத காணியால் அரசனுக்கு என்ன வரும்படி? தெற்கே எங்கோ மலைநாட்டில், வேதத்தில் வேறு பிரிவென்று துரத்தப்பட்ட சனத்தைக் கூப்பிட்டு, இந்தா காணி, இந்தா மாடு என்று குடியேற்றினான். கந்தோர் அம்மாவின் முன்னோர் அந்தச் சனம். "அகதியாத்தான் போனனாங்கள். செத்த வீட்டிலை அடுப்பு மூட்டினனாங்கள்" என்றார். வழக்கும் வரியும் பிறகு பட்டணத்துக்குப் போய்விட்டன. பண்ணையும் அந்தப் பெரிய வீடும் மிஞ்சின. அவருடைய தகப்பன் அங்கே கிளாக்கர். அரசனே போன பிறகும் சனம் அந்த வீட்டைக் கந்தோர் என்றுதான் சொன்னதாம்.

ஊர்களுக்கு மட்டும் செத்தவர்கள் வைத்த பேரே நிலைத்திருந்தது. நோய்க்குத் தப்பியிருந்த லித்துவேனியக் குடும்பங்களும் மலையிலிருந்து வந்தவர்களும் அந்தப் பேர்களையே சொல்லி, அந்தந்த ஊரிலேயே பிறந்து செத்தார்கள். ஹிட்லரின் ஆட்கள் வந்தார்கள். ஜெர்மன் மண்ணில் லித்துவேனியப் பேர் என்ன வேண்டிக்கிடக்கிறது, மாற்று என்றார்கள். அந்தக் கந்தோரைச் சேர்ந்த ஊர்களுக்குப் புதுப் பேர் யோசிக்கும் வேலை தகப்பனிடம் வந்தது. அவற்றில் ஒன்று வர்ணுப்பேனன். காக்கையாறு என்று அர்த்தம். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் மூளையைக் கசக்கிக்கொண்டிருக்க, தகப்பனின் மடியிலிருந்த குழந்தை "ஷோன், ஷோன்" என்றதாம், ஜெர்மனில் வடிவு, அழகு என்று. அதோடு அந்த ஊர் ஷோன்ஹைடே ஆகிவிட்டது. வடிவான வெளி! "அங்கை வெளியும் இல்லை, வடிவும் இல்லை. சேறும் காகமும்தான்" என்று சொல்லிவிட்டுக் கந்தோர் அம்மா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

அது வீட்டில் செல்லக் கதையாயிற்று. ஓர் ஊருக்கே பேர் வைத்தவள் எங்கள் மகள் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தாய் சொல்வாள். பிள்ளைக்குத் தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்? பள்ளிக்கூடத்தில் யாராவது பழைய பேரைச் சொல்லிவிட்டால், மற்றப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து "அப்பிடியொரு ஊர் இல்லை!" என்று கத்த வேண்டும். வாத்தியார் பழக்கிய விளையாட்டு. வகுப்பிலேயே ஆக உரத்துக் கத்துவது கந்தோர் அம்மாதானாம். "செத்துப்போன சனம் எங்களுக்கு நிலத்தையும் பேரையும் விட்டிட்டுப் போச்சுது. நிலத்தை வைச்சுக்கொண்டு பேரைத் தூக்கி எறிஞ்சம்" என்றார்.

சண்டை முடிகிற அந்தக் கடைசிப் பனிக்காலத்தில், ரஷ்யப் படை வருகிறது என்று ஊரே வண்டி கட்டியது. தகப்பன் முன்னால் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தாய் காய்ச்சலில் வண்டிக்குள் சுருண்டு கிடந்தாள். பத்து வயதுப் பிள்ளை பின்பலகையில் காலைத் தொங்கவிட்டு இருந்தது. ஒரு சந்தியில் வண்டிகள் நெரிபட்டு நின்றபோது, ஒரு பெண் சறுக்கு வண்டியொன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். அதில் துணி சுற்றிய ஒரு கைக்குழந்தை. எல்லைப் பக்கத்திலிருந்து ஓடி வந்தவள். சந்தியில் நின்ற கைகாட்டி மரத்தை அண்ணாந்து பார்த்தாள். அதில் ஷோன்ஹைடே என்றுதான் இருந்தது. பின்பலகையில் இருந்த பிள்ளையிடம் வந்து, வர்ணுப்பேனனுக்கு எந்த வழி, அங்கேதான் அக்கா இருக்கிறாள் என்று கேட்டாள்.

பிள்ளை நாடியை நிமிர்த்திக்கொண்டு சொன்னது: "அப்பிடியொரு ஊர் இல்லை."

அவள் கேட்ட ஊர் தோப்புக்குப் பின்னால்தான் இருந்தது. சில வீடுகளில் இன்னும் அடுப்பெரிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் பலகையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், பிறகு வந்த வழியே, பீரங்கிச் சத்தம் கேட்ட பக்கமாகவே சறுக்கு வண்டியைத் திருப்பினாள். சந்தி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் பிள்ளைக்கு உறைத்தது. கத்திக் கூப்பிட்டிருக்கலாம். தகப்பன் ஏசுவாரோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. பிறகு கப்பல், டென்மார்க், முள்ளுக்கம்பி போட்ட அகதி முகாம். அங்கே தாய் செத்தாள். ஜெர்மனிக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, குமரியானதும் வேலை தேடி மறுபடி இங்கே வந்து, பின்னல் ஆலையில் சேர்ந்து, ஒரு தச்சரைக் கட்டி, யூட்லாந்தின் இந்தக் கரம்பை வெளியிலேயே அவர் தங்கிவிட்டார். வர்ணுப்பேனனுக்கு இப்போது ரஷ்யப் பேராம்.

"நான் பொய் சொல்லேல்லை" என்றார் கந்தோர் அம்மா. "பலகையிலை இருந்ததைத்தான் சொன்னனான். அதுதான் என்னை விடுகுதில்லை."

எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னப்பிள்ளை தானே அம்மா. உங்களிலை என்ன பிழை? பெரிய ஆக்கள் செய்த பாவம்" என்றேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். அந்த மெலிந்த கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"அதை என்னட்டை இருந்து பறிக்காதையும். அந்தப் பொம்பிளையை நினைக்கிறதுக்கு உலகத்திலை நான் ஒருத்திதான் மிச்சம்."

டென்மார்க்கில் இருந்துகொண்டு நீ என்னத்தைச் செய்திருக்க முடியும் என்று பிற்பாடு எத்தனையோ பேர் என்னைத் தேற்ற வந்தார்கள். சின்னம்மாவின் மூன்றாவது பிள்ளை இன்றுவரை கிடைக்கவில்லை. தேற்ற வருகிறவர்களின் கையை நானும் மெல்ல விலக்கிவிடுவேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குற்றம் இன்னதென்று தெரியாத நெஞ்சும் குறுகுறுக்கத்தான் செய்கிறது.

தோட்டத்து மரத்தின் கதையும் அன்றுதான் தெரியவந்தது. ஒரு கைகாட்டி மரம் செய்து தா என்று அவர் கேட்க, தச்சரான புருஷன் ஏன் எதற்கு என்று கேளாமல் செய்து நட்டுவிட்டு, என்ன எழுத என்று மட்டும் கேட்டாராம். பழைய பேரை எழுதக் கந்தோர் அம்மாவுக்குக் கூசியது, அதை இல்லையென்று சொன்னவர் அவர். புதுப் பேரையும் எழுதக் கூசியது, அதை வைத்தவரும் அவர்தான். போதாததற்கு, என்ன எழுதினாலும் அயலவர்கள் கதை கேட்பார்கள். புருஷன் செத்து எத்தனையோ வருடம் போயும் பலகை வெறுமையாகவே நின்றது.

"எங்கடை ஊருக்குப் பக்கத்திலை காக்கைதீவு எண்டு ஒரு இடம் இருக்கம்மா" என்று சும்மா பேச்சை மாற்றத்தான் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காகத்துக்கு எங்கள் பாஷையில் என்ன, ஆற்றுக்கு என்ன என்று தோண்டித் தோண்டிக் கேட்டார். கடைசியில், "உம்மடை எழுத்திலை எழுதிவிடும். ஒருத்தரும் வாசிக்கமாட்டினம்" என்றார்.

பலகைக்குப் பெயின்ற் அடிக்கிறேன் என்று நகரசபை அறிந்திருந்தால் என் தோலை உரித்திருக்கும். ஆனாலும் ஒரு சனிக்கிழமை, வேலை இல்லாத நாளாகப் பார்த்துப் போய், கொட்டிலில் கிடந்த நீலப் பெயின்றால் 'காக்கையாறு' என்று எழுதினேன். முதல் எழுத்தின் கால் கொஞ்சம் சரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, வருக வருக என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டார். கந்தோர் அம்மா "ஓம், கிட்டத்தட்ட" என்றார். அன்று முழுக்க அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கும் என்னவோ பெரிய புண்ணியம் செய்துவிட்ட நினைப்பு.

திங்கட்கிழமை போனபோது அவர் முகம் தொங்கிக் கிடந்தது. கால்மேசு போடக் காலைத் தரவில்லை.

"அவள் இதையும் வாசிச்சிருக்கமாட்டாள்" என்றார். "வாசிக்கத் தெரியாத எழுத்திலை இன்னொருக்கால் எழுதி வைச்சிட்டன். என்ரை வெக்கத்தை மறைக்கத்தான் பார்த்தனான். பலகை காணாது. வாயாலை சொல்லவேணும். நீர் என்னட்டைக் கேளும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவரைப் போர்வை சுற்றித் தோட்டத்துக் கதிரையில், மரத்தடியில் இருத்தினேன். வெளியே தெருவுக்குப் போய்த் திரும்பி வந்தேன். நாடகம் ஆடுகிறோமே, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு பக்கம் வெட்கம். பக்கத்தில் வந்து, "வர்ணுப்பேனனுக்கு எந்த வழி?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "சந்தியிலை இடக்கைப் பக்கம் திரும்பு. ஒரு தோப்பு வரும். தோப்பைத் தாண்ட மரப்பாலம். பாலத்திலை நிண்டாலே புகை தெரியும். கிட்டத்தான். பிள்ளையின்ரை முகத்தை மூடு, காத்து அடிக்கும். போ, கெதியாப் போ."

நான் அடுத்த வீட்டு மதில் வரை நடந்துவிட்டுத் திரும்பினேன். மனம் ஆறிவிட்டதா என்று அவர் முகத்தில் தேடினேன். "இண்டைக்குச் சரியாச் சொன்னன்" என்றார். "அண்டைக்கல்லோ சொல்லியிருக்க வேணும்."

அடுத்த இலையுதிர்காலத்தில் அவர் போய்விட்டார். அதுவரை பல காலைகளில் நான் கேட்டேன், அவர் சொன்னார். ஒருநாளும் ஒரு சொல் குறையவில்லை. வீட்டை விற்க வந்த மகன், அம்மாவின் பைத்தியக்கார மரம், வேண்டுமானால் கொண்டுபோங்கள் என்றார். என் மனுஷன் முணுமுணுத்தபடி ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் முன்தோட்டத்தில் நட்டுத் தந்தார். என் மகளுக்குச் சிநேகிதிகள் முன்னால் வெட்கமாம், டேனிஷில் கத்துவாள். நீலம் இப்போது வெளிறிவிட்டது. காகங்களுக்கு மட்டும் வீடு மாறிய கவலை இல்லை.

போன கோடையில் ஊரிலிருந்து என் அண்ணை வந்திருந்தார். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வடக்கில் தனக்குத் தெரியாத ஊரோ ஒழுங்கையோ இல்லையென்ற பெருமை அவருக்கு. வந்த மறுநாள் காலை தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே போனவர், அந்த மரத்தின் முன் நின்று கண்ணாடியைச் சரிசெய்து, எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"காக்கைதீவு இருக்கு. காக்கையாறு எண்டு எங்கை பிள்ளை?" என்றார். "நான் அறிய அப்பிடியொரு ஊர் இல்லை."

நான் கையிலிருந்த கோப்பையைப் படியில் வைத்தேன்.

"இருக்கு அண்ணை" என்றேன். சத்தம் என்னை மீறி உயர்ந்துவிட்டது. "சந்தியிலை இடக்கைப் பக்கம் திரும்பினால் ஒரு தோப்பு வரும். தாண்ட மரப்பாலம். பாலத்திலை நிண்டாலே புகை தெரியும். கிட்டத்தான்."

அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பலகை காட்டிய பக்கம் திரும்பி, ரயில் பாதையையும் அதற்கு அப்பாலிருந்த மரங்களையும் பார்த்தார். "ஆர் பிள்ளை இப்ப அங்கை போகப் போகினம்?" என்று மெல்லக் கேட்டார்.

"ஒரு பொம்பிளை வருவா, அண்ணை. கைக்குழந்தையோடை. கேட்டாச் சொல்லுங்கோ."