ஒல்லிக் கிராணியின் ஈரல்

கோலா சிலாங்கூருக்கு வெளியே ஒரு செம்பனை ஆலையில் லோரிகளை எடை போட்டுக் கணக்கு எழுதும் கிராணி கணேஸ்வரன். வயது ஐம்பத்து மூன்று. கல்யாணத்துக்குத் தைத்த காற்சட்டை இன்னும் இடுப்பில் சரியாக நிற்கிறது என்பதை நாலு பேர் கூடிய இடத்தில் சொல்லாமல் வீடு திரும்பமாட்டார். மனைவி புஷ்பா பள்ளிக் கேன்டீன் நடத்துகிறார். பருத்த உடம்பு. புஷ்பா காரில் ஏறினால், "டயரு தாங்குதான்னு பாக்குறேன்" என்று கணேஸ்வரன் இறங்கிக் குனிவார். இருபத்தைந்து வருடமாக இந்த வேடிக்கைக்குச் சிரித்தவர் அவர் ஒருவர்தான்.

உடல் கொழுப்பை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அளந்து ஆராய ஒரு பல்கலைக்கழகம் ஆள் தேடியபோது, புஷ்பாவின் பெயரைக் கொடுத்தவரும் அவர்தான். ஒல்லியானவர்களும் வேண்டும் என்றார்கள். நல்ல உடம்புக்குத் தன்னைத்தான் உதாரணம் காட்டப்போகிறார்கள் என்று தன் பெயரையும் எழுதினார்.

ஸ்கேன் அன்று புஷ்பா குழாய்க்குள் போய்த் தூங்கியே விட்டார். கணேஸ்வரனுக்கு அரைஞாணே முதல் தடை. வெள்ளி ஆகாது என்றார்கள், கொக்கியோ அசையவில்லை. கடைசியில் புஷ்பாதான் பல்லால் கடித்துக் கழற்றினார். உள்ளே தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி விழுகிற சத்தம். மூச்சைப் பிடிக்கச் சொன்னால் பாதியிலேயே விட்டார்.

"அங்கிள், இன்னொரு தடவை," என்றது ஒலிபெருக்கி. நாலு முறை சொன்னது.

மூன்று வாரம் கழித்து டாக்டர் ஷாமளா கணினியில் ஓர் ஈரலின் படத்தைக் காட்டினார். "நூத்துக்குப் பதினெட்டு பங்கு கொழுப்பு. அஞ்சுக்குள்ள இருக்கணும்."

கணேஸ்வரன் மனைவியின் கையைத் தட்டிக்கொடுத்தார். "பயப்படாத. நான் இருக்கேன்ல."

"இது உங்களோடது லா, அங்கிள்."

புஷ்பாவின் கொழுப்பு பெரும்பாலும் தோலுக்கு அடியில் இருந்தது, ஈரல் சுத்தம். முட்டிக்காகக் கொஞ்சம் இளைத்தால் போதும். கணேஸ்வரனுக்கோ ஈரலிலும் குடலைச் சுற்றியும் கொழுப்பு. ரத்தத்தில் சீனியும் ஏறத் தொடங்கியிருந்தது.

"இனிப்புப் பால் போட்ட தே தாரிக், ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ்?"

"மூணு," என்றார்.

"ஆறு," என்றார் புஷ்பா.

வீடு வரும்வரை புஷ்பா ரேடியோப் பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கணேஸ்வரனுக்கு. மறுநாள் ஆலையில், ஊர் சொல்வதற்குள் தானே சொல்லிவிடுவது மேல் என்று ஓட்டுநர் செல்வாவிடம், "பாத்தா காலி லோரி. உள்ள ஓவர்லோடுடா," என்றார். சாயங்காலம் கணவனும் மனைவியும் ஆற்றோரம் நடக்கப் போனார்கள். புஷ்பா முன்னால் போனார். பின்னால் வந்தவர் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஆற்றை ரசிப்பதுபோல் மூச்சு வாங்கினார்.

ஆறு மாதத்தில் பதினெட்டு பதினொன்றானது. பெருமை தாங்காமல் ஈரலின் ஸ்கேன் படத்தை, ஒரு வரியும் எழுதாமல், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். புக்கிட் பெருந்துங்கில் இருக்கும் கொழுந்தியாள் உஷாராணி உடனே எழுதினாள்: "வாழ்த்துகள். யாருக்குக் குழந்தை?"

புஷ்பா போனை வாங்கிப் பதில் தட்டினார்: "அத்தானுக்கு."