ஐஸ் பொட்டிக்கு ஜன்னல்

நெருப்பு மூட்டி ஐஸ் உண்டாக்கிய குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னபோது என் வகுப்பில் ஒருத்தியும் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும் என்று அன்றே விட்டுவிட்டேன். ஆனாலும் இத்தனை வயதுக்குப் பிறகும் அதைச் சொல்லும்போது என் கழுத்து கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது.

யுத்தம் முடிந்திருந்த சமயம். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டியே அத்தாவின் பட்டறை. அத்தா என்றால் எங்கள் வழக்கில் அப்பா. அன்னிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கிற கோஷாப் பெண்கள் போகிற குதிரை வண்டிகளுக்குக் கூண்டு கட்டித் திரை தைப்பது அவர் தொழில். "என் வண்டிக்குள்ள எறும்பு வேணா பூரலாம், எவன் கண்ணும் பூராது" என்பார். மீர்சாகிப்பேட்டை, திருவல்லிக்கேணி வரைக்கும் அந்தத் திரைகளுக்குப் பெயர் இருந்தது. அவற்றில் போய் வருகிற பெண்கள் வியர்வையில் குளித்து இறங்குவார்கள் என்பது வேறு விஷயம். அம்மா ஒவ்வொரு முறையும் தலைவலியோடு இறங்கி, நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். வெளியூர்ப் பயணமோ உள்ளூர்ப் பயணமோ, அதுவும் சேர்ந்ததுதான் பயணம் என்று நினைத்திருந்தேன். எனக்கு என்ன கவலை? நான் சிறு பெண். வண்டிக்காரருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டே போவேன்.

பட்டாளத்துக்காரர்கள் வேண்டாம் என்று கழித்த வண்டிகளை ஏலம் விட்டபோது அத்தா ஒரு ஆம்புலன்ஸ் வேனை எடுத்தார். பெரிய குடும்பங்கள் தர்காவுக்கும் கல்யாணத்துக்கும் போக வாடகைக்கு விடலாம், படுக்கை போடலாம், சமைக்கலாம், ராத்தங்கலாம் என்று கணக்கு. அதற்குள் இனாமாக வந்ததுதான் ஐஸ் பொட்டி. மருந்துகளைக் குளிர்ச்சியாக வைக்கப் பட்டாளத்தார் வைத்திருந்தது. கரண்டு வேண்டாம். அடியில் கிருஷ்ணாயில் விளக்கு ஒன்று எரிய வேண்டும். எரிந்தால் மேலே குளிரும்.

பெரியத்தா, அதாவது அத்தாவின் அண்ணன், அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நெருப்பு வெச்சா ஐஸ் வருமா? யாரு காதுல பூ சுத்தறே?" என்று கேட்டார்.

அத்தா பட்டறையில் அதைச் சமமாக நிறுத்தி, திரியை ஏற்றி வைத்தார். மறுநாள் காலை உள்ளே தட்டில் தண்ணீர் கெட்டியாகிக் கிடந்தது. பெரியத்தா ஒரு விரலால் அதைத் தொட்டுவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார். அத்தா அன்றைக்குப் பார்த்தவர்களிடமெல்லாம் அதையே பேசினார்.

அந்தச் சமயத்தில்தான் நாகூரிலிருந்து செய்தி வந்தது. அம்மாவுக்கு நாகூர் பிறந்த ஊர். அவளுடைய அண்ணன், என் மாமா, பினாங்கில் வியாபாரம் செய்தவர். யுத்தத்தில் அங்கேயே மாட்டிக்கொண்டு, உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் இருந்தது. அவர் கப்பலில் ஊர் வந்து சேர்ந்துவிட்டார். அடுத்த கப்பலில் திரும்பிப் போய்விடுவாராம். செய்தி வந்த அன்று அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "ஏங்க, போவமா?" என்று மட்டும் கேட்டாள்.

போகலாம்தான். ஆனால் பெரியத்தாவுக்குச் சர்க்கரை வியாதி. தினம் ஊசி. மருந்து எங்கள் தெரு முனை மருந்துக்கடையின் ஐஸ் பெட்டியில் இருக்கும். அத்தா போய் வாங்கி வருவார், அம்மா ஊசியைக் கொதிக்க வைத்துக் கொடுப்பாள், அத்தா போடுவார். பெரியத்தாவை விட்டுவிட்டுப் போனால் ஊசி போட ஆளில்லை. கூட்டிக்கொண்டு போனால் வழியில் மருந்து சூடேறிக் கெட்டுவிடும். ஆக, அம்மா அண்ணன் முகத்தைப் பார்ப்பதும் பார்க்காததும் அந்த ஐஸ் பொட்டியின் கையில் இருந்தது.

"அதான் பொட்டி கீதே, இன்னா கவலை?" என்றார் அத்தா.

பொட்டியை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஆண்கள் பக்கம் வைப்பதாக இருந்தது. அம்மாதான், "எங்க பக்கத்துலயே வைங்க. மருந்தை எடுத்துக் கொடுக்கறது நான்தானே" என்றாள். வெயிலில், மூடின வண்டிக்குள், எரிகிற விளக்குக்குப் பக்கத்தில் உட்கார யார் சம்மதிப்பார்கள்? என் அம்மாவின் தியாகத்தை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

அத்தா வேனின் பின்பாதியைப் பெண்களுக்காக ஒதுக்கி, பட்டாளத்தார் வைத்திருந்த கண்ணாடிகளைக் கழற்றிப் பலகை அடித்து, பலகைக்கு மேல் தடித்த துணி தைத்து, துணிக்கு மேல் திரையும் போட்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளங்கை தெரியாது. அவர் வாழ்நாளில் கட்டியவற்றிலேயே சிறந்த கோஷா வண்டி அது. பொட்டியை உள்ளே ஏற்றித் திரியைக் கொளுத்தி வைத்தார். மறுநாள் திறந்தால் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது.

திரியை மாற்றினார். கிருஷ்ணாயிலை வடிகட்டி ஊற்றினார். வெட்டிவேர்த் தட்டியை நனைத்துப் பொட்டிக்கு முன்னால் தொங்கவிட்டார். வாசனை நன்றாக இருந்தது, ஐஸ் வரவில்லை. பெரியத்தாவுக்கு உயிர் வந்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேன்" என்று வாசலில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.  அம்மா கப்பல் எப்போது புறப்படும் என்று விசாரிக்க யாரையாவது அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

அத்தா பட்டறைக்குள் போய் அன்று பகல் முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் எழுந்து வந்து பொட்டிக்குப் பின்னால் கையை விட்டவர், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அங்கே இருந்த குழாய்கள் சுட்டன. உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து முதுகு வழியாக வெளியே தள்ளுகிற பொட்டி அது. தள்ளின சூடு போக இடமில்லாமல் அங்கேயே நின்றிருக்கிறது. பட்டறையில் காற்றோட்டம் இருந்தது, வேலை செய்தது. கண் பூராத வண்டியில் காற்றும் பூரவில்லை.

"அப்போ ஓட்டை போட்டாத்தான் ஆவும்" என்றார். சொல்லும்போதே அவர் முகம் செத்துவிட்டது. ஓட்டையை அடைத்தே பெயர் வாங்கிய மனிதர். அவர் கையாலேயே கோஷா வண்டியில் ஓட்டை!

ஆனால் என் அத்தா லேசுப்பட்டவர் இல்லை. தரையை ஒட்டி ஒரு நீளமான துளை அறுத்தார். அதில் மெல்லிய பலகைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக, வெளிப்பக்கம் கீழே சரிகிற மாதிரி சாய்த்துப் பதித்தார். பிறகு தெருவில் நின்று என்னை எட்டிப் பார்க்கச் சொன்னார். பலகையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. குனிந்து பார்த்தேன், எம்பிப் பார்த்தேன், உள்ளே இருந்த அம்மாவின் புடவை நுனிகூடக் கண்ணில் படவில்லை. காற்று மட்டும் போயிற்று. கீழே வருகிற காற்று சூடேறினால் மேலே போகத்தானே பார்க்கும் என்று கூரையை ஒட்டி இன்னொன்று அறுத்தார். அம்மா ஊதுபத்தி ஏற்றிக் கொடுத்தாள். கீழ்த் துளையருகே அதைப் பிடித்தபோது புகை உள்ளே போய், பொட்டியின் முதுகில் ஏறி, மேல் துளை வழியாக வெளியே வந்தது. நான் கைதட்டினேன். இந்த மயிலாப்பூரில் இப்படி ஒரு மூளை வேறு எவருக்கு இருந்தது, சொல்லுங்கள்.

மறுநாள் விடிந்ததும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வேனுக்குள் போய்ப் பொட்டியைத் திறந்தாள். தட்டில் ஐஸ் பளபளவென்று கிடந்தது. நான் கத்துவதற்குள் அம்மா ஒரு துண்டை உடைத்து என் வாயில் போட்டாள். "சத்தம் போடாமத் தின்னு" என்றாள். மிச்சத்தையும் கொடுத்தாள். பல் கூச, கண்ணில் நீர் வர, முழுவதையும் தின்று தீர்த்தேன். அப்படி ஒரு விருந்து எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

வெளியே வந்து அம்மா அத்தாவிடம் சொன்னாள்: "குளிருதுங்க. ஆனா மருந்து வெக்கிற நடுத்தட்டுல இன்னும் பத்தலை. நடுவால கொஞ்சம் காத்து வந்தா நல்லா இருக்கும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். வாய் விறைத்துப் போயிருந்ததால் பேச வரவில்லை.

அத்தா கொஞ்ச நேரம் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது தாவணியெல்லாம் இல்லை, பாவாடைதான், அதன் முன்பக்கம் நனைந்திருந்தது. "ஆவட்டும்" என்றார். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு வேனுக்குள் ஏறினார்.

"நீ உன் இடத்துல ஒக்காரு. வெளிய இருந்து பார்த்தா நீ தெரியக் கூடாது பாரு, அளவு எடுக்கணும்" என்றார். அம்மா உட்கார்ந்தாள். அத்தா அவள் கண்ணுக்கு நேராகப் பலகையில் கோடு போட்டார். பொட்டிக்கு வைக்கிற துளைக்கு அம்மாவின் கண்ணை எதற்கு அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அத்தா அளந்தால் அதில் காரணம் இருக்கும்.

பெரியத்தாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஒரு ஐஸ் பொட்டிக்கு எதுக்குடா மூணு ஜன்னலு?"

"மருந்து உங்களுது அண்ணே" என்றார் அத்தா, ரம்பத்தை நிறுத்தாமல்.



பயணத்துக்கு முன் ஒருநாள், ஆட்டத்தில் பொட்டி தாங்குகிறதா என்று பார்க்கத் திருவான்மியூர் வரை ஓட்டினார்கள். அன்றைக்கு நான் பொட்டியைக் காவல் காக்கிறேன் என்று பின்னால் அம்மாவோடு உட்கார்ந்துகொண்டேன். அடையாற்றுப் பாலத்தில் ஏறியதும் அம்மா நடு ஜன்னலில் முகத்தை ஒட்ட வைத்தாள். சாய்ந்த பலகைகள் வழியாக மேலே ஒன்றும் தெரியாது, கீழே பார்க்கலாம். "இதுதான் அடையாறா?" என்று கேட்டாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எத்தனை தடவை அந்தப் பாலத்தைத் தாண்டியிருப்பாள்! என் அம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆறு, முகத்துவாரம், எல்லாவற்றையும் நானே அவளுக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

நாகூருக்குப் போய்ச் சேர்ந்தோம், கப்பல் புறப்படுவதற்குள். வண்டி ஓடும்போது திரியை அணைத்து, நிற்கிற இடத்தில் எல்லாம் ஏற்றினோம்; பெரியத்தாவின் மருந்தை ஒரு குறையும் இல்லாமல் கொண்டு சேர்த்தது அந்தப் பொட்டி. கடைசி நாள் பெரியத்தாவே அதைத் தட்டிக்கொடுத்தார்.

மாமா இளைத்துக் கறுத்துப் போயிருந்தார். அம்மாவும் அவரும் முதலில் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அப்புறம் மாமா, "வழியெல்லாம் கஷ்டமா இருந்திச்சா புள்ள? தலைவலி வந்திருக்குமே" என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இப்போது அத்தாவின் பெருமை வரப் போகிறது.

அம்மா சொல்ல ஆரம்பித்தாள். "இல்லை நானா" என்று, நாகூர் வழக்கில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுத் தொடங்கியவள், ஆற்றில் குளித்த எருமைகளைச் சொன்னாள். சேற்றில் நின்று நாற்று நட்ட பெண்களின் கால்களை, குளம் முழுக்கக் கிடந்த அல்லியை, வாத்துக் கூட்டத்துக்காக வண்டி நின்றதை, ரோட்டோரம் உட்கார்ந்து நுங்கு தின்ற பிள்ளைகளைச் சொன்னாள். அவ்வளவு பேசி நான் அவளைப் பார்த்ததே இல்லை. வாசல் பக்கம் அத்தா ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு நீண்டுகொண்டே போயிற்று, ஐஸ் பொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு பாடுபட்ட மனிதரை இப்படியா மறப்பது?

பொறுக்க முடியாமல் நானே சொன்னேன்: "மாமா, எங்க அத்தா ஐஸ் பொட்டிக்கு ஜன்னல் வெச்சாரு. மூணு ஜன்னல்."

அம்மா பேச்சை நிறுத்தி அத்தாவைப் பார்த்தாள். அத்தா அவசரமாக எழுந்து வண்டியைப் பார்க்கப் போனார்.

"ஆமா நானா, பொட்டிக்குத்தான் வெச்சாங்க" என்றாள் அம்மா, என் தலையைத் தடவிக்கொண்டே. இப்போதாவது ஒப்புக்கொண்டாளே என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.