ஸ்லுட்ஸ்கி பரணில் ஏற்றிய ஒன்பது பெட்டிகள்

ஐந்து வயதில் எனக்கு இளம்பிள்ளைவாதம் வந்தது. பிழைத்துக்கொண்டேன், ஆனால் இடது கால் சரியாக வளரவில்லை. அதற்கு ஐந்தாம் நம்பர் ஷூ, வலது காலுக்கு ஏழாம் நம்பர். பிலடெல்பியாவில் எந்தக் கடைக்குப் போனாலும் இரண்டு ஜோடியாகத்தான் வாங்க வேண்டும் என்பார்கள். சட்டைத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்த எனக்கு அது கட்டுப்படியாகுமா?

எங்கள் நான்காம் தெருவில் ஹைமன் ஸ்லுட்ஸ்கி ஷூ கடை வைத்திருந்தார். குறுகலான கடை, கூரை வரை அட்டைப்பெட்டிகள். 1954இல் நான் முதன்முதலாகப் போனபோது அவருக்கு அறுபத்தைந்து வயது. முழங்கால் சொடுக்க மண்டியிட்டு என் இரண்டு கால்களையும் அளந்தார். பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே மாடலில் ஐந்தில் ஒன்றும் ஏழில் ஒன்றும் எடுத்து மாட்டிவிட்டு, ஒரு ஜோடிக்கான விலையை வாங்கிக்கொண்டார். மிஞ்சிய இரண்டையும் ஒரு பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினார்.

கல்லாவில் இருந்த அவர் மனைவி பெஸி, "அதை யாரு வாங்குவா, ஹைமன்?" என்று கேட்டார்.

"இவளுக்கு நேர்மாறா கால் இருக்கிறவ எங்கேயாவது ஒருத்தி இருப்பா."

"இருப்பா, இருப்பா. உன்னைத் தேடித்தான் இந்நேரம் பஸ் ஏறிட்டிருப்பா."

வருஷத்துக்கு ஒன்றாக ஒன்பது பெட்டிகள் சேர்ந்தன. சரக்கு கொண்டுவரும் விற்பனையாட்களிடமெல்லாம், போகிற ஊர்களில் விசாரிக்கச் சொல்லி அனுப்புவார். பெஸி இதை யூத ஜெப ஆலயத்தில் சொல்லிச் சொல்லிப் பெண்களைச் சிரிக்க வைப்பார். மனிதர் பிடிவாதக்காரர்தான். யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கப்போகிற வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் யார் தட்டினாலும் கதவைத் திறக்க மாட்டார்.

ஒன்பதாம் வருஷம் ஒரு விற்பனையாள் சொல்லி, ஸ்க்ராண்டனிலிருந்து வாண்டா குலிக் வந்தாள். சுரங்கத் தொழிலாளி ஒருவரின் விதவை. அவளுக்கு இடது கால் ஏழு, வலது கால் ஐந்து. எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் போனபோது ஒன்பது பெட்டிகளும் அவள் முன்னால் திறந்திருந்தன.

"எல்லாம் பழைய மாடலா இருக்கே" என்று முகத்தைச் சுளித்தாள்.

"ஒம்போது வருஷமா உனக்காகக் காத்துட்டிருக்கும்மா. நீ லேட்டா வந்துட்டு அதுங்களைக் குத்தம் சொன்னா எப்படி?" என்றார் ஸ்லுட்ஸ்கி.

அவள் சிரித்துவிட்டாள். ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு கடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். நாங்கள் உட்காரச் சொல்லியும் நிற்காமல் நடந்தாள். அதுவரை வலது ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்தே நடந்தவள் அவள். பெஸி உள்ளே போய் எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் வாண்டா வருவாள். இருவரும் ஒரே மாடலைத் தேர்ந்தெடுக்க வேண்டுமே. எனக்குச் சிவப்பு பிடிக்கும், அவளுக்குக் கறுப்பு. எங்கள் சண்டையை ஸ்லுட்ஸ்கி ரசித்துக் கேட்பார்.

எண்பதாவது வயதில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். ஏழு நாள் துக்கத்தில் இரண்டாம் நாளே வாண்டா வந்துவிட்டாள். துக்க வழக்கப்படி தாழ்வான முக்காலியில் உட்கார்ந்திருந்த பெஸி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "ஒருத்தி வரவே மாட்டாள்னு நான் சொன்னேனே, இவதான் அவ."

கடையை விற்றுவிட்டார்கள். இப்போது அங்கே விளக்கு விற்கிறார்கள். நானும் வாண்டாவும் பெரிய கடைக்குப் போய் இரண்டு ஜோடி வாங்கி, வாசலிலேயே உட்கார்ந்து பிரித்துக்கொள்கிறோம். இந்த வருஷம் கறுப்பு.