அண்ணனுக்குப் பத்து, பிறகு முப்பத்தாறு

ஜூலையில் என் அண்ணன் பாண்டியைக் குடியிலிருந்து மீட்க, மதுரையிலிருந்து பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு சிறிய மறுவாழ்வு மையத்துக்குக் கூட்டிப்போனேன். இதே வேலையாகப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். சுற்றிப் பார்க்க வருபவர்கள் மன்னிக்கவும்; இந்தப் பக்கத்துக்குப் பேர்போன பழைய பெரிய வீடுகளில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

காலை 6.10க்கு பஸ். காரைக்குடிக்குச் சுமார் 90 கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பெண் என்பதால் எனக்கு இலவசம், அண்ணனுக்குப் பதினைந்து ரூபாய். "மையத்துக்கா? ஆர்ச்சுகிட்ட இறங்கி அங்குட்டு நடங்க, பக்கந்தேன்" என்றார் கண்டக்டர்.

ஆலோசகர் அழகம்மை ஒரு தாளைக் கொடுத்தார். பத்துக் கேள்விகள். கடந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை பதற்றம் வந்தது, நம்பிக்கை அற்றுப்போனது, எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றியது? 'ஒருபோதும் இல்லை' என்றால் ஒன்று, 'எந்நேரமும்' என்றால் ஐந்து. கூட்டினால் எவ்வளவு அதிகமோ அவ்வளவு மன வேதனை.

அண்ணன் எல்லாவற்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்று குறித்தார். மொத்தம் பத்து. அதற்குக் கீழே எண்ணே கிடையாது! சாகப்போகிறேன் என்று கிளம்பியவரைப் போன மாதம்தான் ரயிலடியில் தேடிப்பிடித்தோம்.

"நெசமாவே ஒண்ணும் இல்லையாண்ணே?" என்றார் அழகம்மை.

"மாசம் பூரா போதையில கெடந்தேன். எனக்கு என்னம்மா தெரியும்?"

ரயிலடி விஷயத்தை நான் சொன்னதும் அதை எண்ணுக்கு மேலே எழுதிக்கொண்டார். "இந்த நம்பர மட்டும் நம்ப மாட்டோம்க்கா. எந்நேரமும் கூட ஆள் இருப்பாக."

அண்ணனை அங்கே சேர்த்துவிட்டு வந்து, நான்கு வாரம் கழித்துப் போனேன். அண்ணனின் கை நடுக்கம் நின்றிருந்தது, முகம் தெளிந்திருந்தது. அதே கேள்வித்தாளில் மதிப்பெண் மட்டும் முப்பத்தாறு.

"கொறைக்கத்தான விட்டேன், கூட்டி வச்சிருக்கீங்களே?" என்று அழகம்மையிடம் சத்தம் போட்டுவிட்டேன்.

"கூடிப்போச்சா, உள்ள இருந்தது வெளிய வந்துச்சான்னு எனக்கும் இப்பச் சொல்லத் தெரியலக்கா. ஆனா இந்தத் தடவ ஒவ்வொரு கேள்விக்கும் உக்காந்து பேசுனாக. நீங்களே கேளுங்க."

கேட்டேன். அண்ணன் எலக்ட்ரீசியன். கூட வேலை பார்த்த சேகர் மூன்று வருடம் முன்பு கம்பத்தில் ஷாக் அடித்து இறந்தான். அன்று லைனை அணைக்க வேண்டியது அண்ணன்; மறந்துவிட்டாராம். எங்களில் யாருக்கும் தெரியாது.

போகிறவர்களுக்கு: பார்வை நேரம் ஞாயிறு பத்து முதல் பன்னிரண்டு. டாக்டர் சொல்லாமல் வீட்டிலேயே திடீரென்று குடியை நிறுத்த வைக்காதீர்கள், வலிப்பு வரலாம். எண்ணைக் கேட்டால் கூடவே என்ன பேசினார் என்றும் கேளுங்கள். முப்பத்தாறு நல்லதா கெட்டதா, எனக்கு இன்னும் புரியவில்லை.

கிளம்பும்போது அண்ணன் வாசல்வரை வந்தார். "சேகர் வீடு கீழச்சிவல்பட்டியிலதான் இருக்கு. அவங்க அம்மாட்ட நான் சொல்லணும். கூட வாறியா?"

"வாரேண்ணே" என்றேன்.