தேவகி அக்கா கேட்காமல் போன கேள்வி

செய்தி வந்தபோது நான் தீவுக்குப் போக மெர்சிங் படகுத்துறையில் நின்றுகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு, கைப்பேசியைப் பையில் போடுவதற்கு முன் ஒரு தடவை பார்த்தேன். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் முதலாளி எழுதியிருந்தார். தேவகி அக்கா விடியற்காலையில் மாரடைப்பில் இறந்துவிட்டார், நாளை கூலாய் வீட்டில் இறுதிச் சடங்கு. படித்தேன். படகுக்காரர் ஏறச் சொன்னார், ஏறினேன். பாதிக் கடல் தாண்டிய பிறகுதான் கணவரிடம் சொன்னேன். கரையிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மெர்சிங் படகுகள் கடல் ஏற்றத்தைப் பார்த்துத்தான் திரும்பும் என்பதால் மாலை வரை தீவில் உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில். பிள்ளைகளுக்குப் பசித்தது, சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை அக்காவும் நானும் உட்கார்ந்து பேசுவதாக இருந்தது. அதற்கு முந்தைய வியாழக்கிழமைதான் நான் வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்திருந்தேன்.

இதை வாசிக்கும் உங்களில் பாதிப்பேர் அக்கா வேலைக்கு எடுத்தவர்கள், மீதிப்பேர் அக்கா வழியனுப்பி வைத்தவர்கள். அவரைப் பார்த்திராதவர்களும் இருக்கலாம், அவர்களுக்காகச் சொல்கிறேன். ஜொகூர் மாநிலத்துச் செனாயில் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதிக்கொடுக்கும் எங்கள் சின்ன நிறுவனத்தில் ஆள் எடுப்பதும் எடுத்த ஆளை ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வதும் அக்காவின் வேலை. ஜொகூரில் இந்த வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர், அங்கே இதே மென்பொருள் வேலைக்கு மூன்று மடங்கு சம்பளம். போதாததற்கு இப்போது செனாயைச் சுற்றி ஒவ்வொரு காலி நிலத்திலும் தரவு மையம் கட்டுகிறார்கள், அவர்களும் எங்கள் பையன்களைத்தான் கூப்பிடுகிறார்கள். அக்கா இதைப் பற்றிப் புலம்பி நான் கேட்டதில்லை. "போறவன் போவான் லா. போறதுக்கு முன்னாடி நமக்குத் தெரியணும், அவ்வளவுதான்" என்பார்.

என் நேர்காணலில் முதலாளி பழனியப்பனும் அக்காவும் இருந்தார்கள். முதலாளி என் படிப்பைப் பற்றிக் கேட்டு முடித்ததும், அக்கா தன் பங்குக்கு ஒன்று சொன்னார். வேலை தாமதமானால் இன்னும் நாலு பேரைப் போட்டால் சீக்கிரம் முடிந்துவிடும், அதுதானே உங்கள் தொழிலில் வழக்கம் என்றார். அப்படி இல்லை, புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இருக்கிற ஆட்களின் நேரம் போய்விடும் என்றேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை. வெளியே வரும்போது வேலை கிடைக்காது என்று நினைத்தேன். பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது, எல்லா நேர்காணலிலும் அவர் வேண்டுமென்றே ஏதாவது தப்பாகச் சொல்வாராம். தலையாட்டுகிறவர்களை எடுக்க மாட்டார். முதல் வகுப்பில் தேறிய பிள்ளைகளை எல்லாம் திருப்பி அனுப்புகிறாயே என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

எங்கள் முதலாளியின் குடும்பம் தங்காக்கில் துணிக்கடை வைத்திருந்த செட்டியார் குடும்பம். கடையில் சேர்ந்தவர்கள் கிழவராகும் வரை அங்கேயே இருந்தார்கள் என்று அடிக்கடி சொல்வார். நாமும் ஒரே குடும்பம்தானே, ஏன் போகிறார்கள் என்று உண்மையாகவே வருத்தப்படுவார். ஆட்களைப் பிடித்து வைக்க அவர் செய்யாதது இல்லை. மேசைப்பந்து மேசை வந்தது. வெள்ளிக்கிழமை தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக் வந்தது. அப்புறம் பீன் பேக் வந்து, அதில் ஒருவரும் உட்காராமல் பூனை உட்கார்ந்தது. அக்கா எதையும் தடுக்கவில்லை. ஒரு கூட்டத்தில் மட்டும், முதலாளி மறுபடியும் குடும்பப் பேச்சை எடுத்தபோது சொன்னார்: "குடும்பம்னு சொன்னீங்கன்னா சண்ட போட விடணும் பாஸ். சண்ட போட முடியாத வீட்டுல எந்தப் புள்ள இருக்கும்?" முதலாளி சிரித்துவிட்டார்.

திங்கட்கிழமைக் கூட்டங்களில் அக்கா எப்படி உட்காருவார் என்று நினைவிருக்கிறதா? கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில் தே ஓ ஐஸ், பால் விடாத ஐஸ் தேநீர், வாங்கி வந்து நாற்காலிக் கைப்பிடியில் மாட்டிக்கொள்வார். மென்பொருள் பேச்சில் பாதி அவருக்குப் புரியாது, புரிந்ததுபோல் காட்டிக்கொள்ளவும் மாட்டார். யார் கத்துகிறார்கள், யார் கத்துவதை நிறுத்திவிட்டார்கள் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

சுரேஷை உங்களுக்கு மறந்திருக்காது. குளிர்சாதனத்தின் அளவிலிருந்து வாடிக்கையாளருக்குக் கொடுத்த கெடு வரைக்கும் எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு சண்டை இருந்தது. தொழிற்சாலையில் இருக்கிற மாதிரி ஓர் இயந்திரத்தை அலுவலகத்திலேயே வைத்துச் சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாடிக்கையாளர் இடத்தில் போய் அசிங்கப்படுவோம் என்று வருஷக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தான். ஒரு திங்கட்கிழமை, எல்லாவற்றுக்கும் சரி என்றான். புதுக் கெடுவா, சரி. சனிக்கிழமை வேலையா, சரி. முதலாளிக்கு ஒரே சந்தோஷம், பையன் பக்குவப்பட்டுவிட்டான் என்றார். அக்கா நேராக என் மேசைக்கு வந்தார்.

"சுரேஷ் சத்தத்தையே காணோம். அவன் போயிட்டான் உஷா."

இங்கேதானே உட்கார்ந்திருக்கிறான் என்றேன்.

"உடம்பு இருக்கு" என்றார் அக்கா.

அன்றைக்கே முதலாளியோடு மல்லுக்கட்டி அந்த இயந்திரத்துக்கு ஒப்புதல் வாங்கினார். ஆனால் அது வந்து இறங்கிய வாரத்தில் சுரேஷ் சிங்கப்பூரில் கையெழுத்துப் போட்டுவிட்டான். அவனிடம் அக்கா கோபப்படவில்லை, சம்பளத்தை ஏற்றித் தருகிறேன் என்று பேரம் பேசவும் இல்லை. போகிற எல்லோரிடமும் கேட்கும் அதே கேள்வியைத்தான் கேட்டார். "அங்க யாரோட காடோ பண்ணுவ?" சண்டை என்பதற்கு அவர் எப்போதும் அந்த மலாய்ச் சொல்லைத்தான் சொல்வார். சுரேஷ் சிரித்தான். பிறகு யோசித்தான். போகும் நாளில் அவனுக்கு ஒரு நல்ல குடை வாங்கிக் கொடுத்தார், பாலத்தில் வரிசையில் நிற்கும்போது உதவும் என்று.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்களும் உண்டு. ஒரு பெண், அங்கே என் பழைய மேலாளர் இருக்கிறார், அவரோடு நன்றாகச் சண்டை போடலாம் என்றாள். அக்கா உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இன்னும் சிலர் பதில் தேடித் தேடிக் கடைசியில் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் மூன்று நான்கு பேர் இன்றும் எங்களோடு இருக்கிறார்கள், இதை வாசித்தால் தங்களைத் தெரிந்துகொள்வார்கள்.

இனி என் கதை. இயந்திரம் பழுதாகப் போவதை முன்கூட்டியே தொழிலாளிக்குக் காட்டும் ஒரு திட்டத்தில் நானும் என் குழுவும் வெகுநாள் வேலை செய்தோம். போன மழைக்காலத்தில், அதை நிறுத்திவிட்டதாக ஒரு கூட்டத்தின் நடுவில் முதலாளி சொன்னார், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். நான் "ஓகே பாஸ்" என்றேன். எனக்கே என் குரல் விசித்திரமாக இருந்தது. மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து அக்கா என்னைப் பார்த்தார். சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் பிடித்துக்கொண்டார். ஏன் சண்டை போடவில்லை என்று கேட்டார். களைப்பாக இருக்கிறது என்றேன்.

"களைப்புன்னா லீவு எடு. பேச்ச நிறுத்தாத" என்றார்.

லீவு எடுத்தேன். பேச்சு திரும்பி வரவில்லை. என் கணவர் ஏற்கெனவே சிங்கப்பூரில்தான் வேலை பார்க்கிறார், எனக்கும் அங்கே ஓர் இடம் சொன்னார்கள். எனக்கு மகிழ்ச்சியும் இல்லை, துக்கமும் இல்லை. கடிதத்தை எழுதி வியாழக்கிழமை அக்காவிடம் நீட்டினேன். வாசித்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "திங்கக்கிழம பேசலாம். கேக்கவேண்டியது ஒண்ணுதான், அது என்னன்னு உனக்கே தெரியும்" என்றார். பிறகு, மெர்சிங்கில் கணவாய் மீன் நன்றாக இருக்கும், போய்வரும்போது வாங்கி வா என்றார். கடைசியாக என்னிடம் அவர் பேசியது அதுதான்.

கூலாயில் அவர் வீடு ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீடுகளில் நடுவில் இருந்தது. தெருவை மறித்துக் கூடாரம் போட்டிருந்தார்கள். முதலாளி வாசலிலேயே நின்று வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்தேன். வாய் மூடியிருந்தது. அழ வேண்டும் என்று தெரிந்தது, அழுகை வரவில்லை. அவர் கணவரிடம் போய் என் பெயரைச் சொன்னேன். "உஷாவா? உங்கள பத்தி நெறய சொல்லுவா" என்றார். பிறகு, நான் ஏதோ கேட்டதுபோல, "வீட்டுல அவ சண்டையே போட மாட்டாம்மா. எல்லாத்தயும் ஆபீஸ்லயே முடிச்சிட்டு வந்துடுவா" என்றார். அவர் சிரிக்கப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

சுரேஷ் பாலத்தில் மாட்டிக்கொண்டு, ஊர்வலம் போன பிறகுதான் வந்து சேர்ந்தான். காலி நாற்காலிகளுக்கு நடுவே இருவரும் உட்கார்ந்தோம். சும்மா இருக்க முடியாமல் அந்தக் கேள்வியை நான் கேட்டேன். அங்கே யாரோடு சண்டை போடுகிறாய்?

"யாரும் இல்லக்கா. அங்க எல்லாரும் ரொம்ப மரியாத. மீட்டிங்லாம் சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றான். பிறகு, நல்ல வேலைதான் என்றான். நான் நம்புகிறேன், அது நல்ல வேலைதான்.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் அக்காவின் நாற்காலியை யாரும் நகர்த்தியிருக்கவில்லை. முதலாளி தூங்காதவர்போல் இருந்தார். தேவகி இல்லை, இனி ஆட்களை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பித்து, ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார். இனிமேல் பயிற்சி பெறுகிற ஒவ்வொருவரும் குறிப்பிட்ட காலம் இங்கேயே இருக்க வேண்டும், முன்பே போனால் பயிற்சிச் செலவைக் கட்ட வேண்டும். இதே ஒப்பந்தத்தை அவர் முன்பும் கொண்டுவந்தார். அப்போது அக்கா, "வாசல்ல பூட்டு போட்டா, சும்மா உக்காந்திருக்கிறவனுக்கும் போகணும்னு தோணும் பாஸ்" என்று சொல்லித் தடுத்துவிட்டார். இப்போது தடுக்க ஆள் இல்லை. தாள் ஒவ்வொரு கையாகப் போனது. யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் சரி சரி என்று தலையாட்டினார்கள். அக்கா இருந்திருந்தால் ஓர் அறை முழுக்கக் கிளம்பிப் போய்விட்டது என்று சொல்லியிருப்பார்.

முடியாது என்று யாரோ சொன்னார்கள். நான்தான். இதில் கையெழுத்துப் போடுகிறவன் அன்றைக்கே வேறு வேலை தேடத் தொடங்குவான் என்றேன். சுரேஷ் சம்பளத்துக்காக மட்டும் போனான் என்று நினைக்கிறீர்களா, ஓர் இயந்திரத்துக்காக எத்தனை காலம் கத்தினான், நாம் காது கொடுத்தோமா என்றேன். என் திட்டத்தை நிறுத்தினீர்கள், ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றேன். எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை. முதலாளியின் முகம் சிவந்துவிட்டது.

"நீ போறவதானே? ஒனக்கென்ன?" என்றார்.

அப்போது என் குழுவில் இருக்கும் மெய் லிங், கூட்டத்தில் பேசியே பழக்கமில்லாதவள், தானும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு யார் பேசுகிறார்கள் என்றே தெரியாதபடி எல்லோரும் பேசினார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஓயவில்லை. நிறுத்திய திட்டம், சனிக்கிழமை வேலை, பூனை உட்காரும் பீன் பேக், எல்லாம் வெளியே வந்தன. கடைசியில் முதலாளி அந்தத் தாள்களை வாங்கி அடுக்கித் தன் பக்கம் கவிழ்த்து வைத்தார். அவர் கண் அக்காவின் நாற்காலிக்குப் போய்த் திரும்பியதைப் பார்த்தேன். எல்லோரும் எழுந்து போன பிறகு என்னை மட்டும் நிறுத்தினார்.

"ஒன் லெட்டர் தேவகி மேசையில இருக்கு. அத என்னம்மா பண்றது?"

"திங்கக்கிழம பேசலாம் பாஸ்" என்றேன்.

கீழே வந்து காரில் உட்கார்ந்தபோது எச்சில் விழுங்க முடியவில்லை. கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகியிருந்தது. மெர்சிங் படகுத்துறையிலிருந்து அதுவரை எனக்கு எதுவுமே வலித்திருக்கவில்லை. காரை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அக்கா எங்களுக்கு விட்டுப்போனதில் அவரவர் ஏதாவது எடுத்துக்கொண்டிருப்பீர்கள். சுரேஷிடம் குடை இருக்கிறது. என்னிடம் அந்தக் கேள்வி இருக்கிறது, அவர் என்னிடம் கேட்காமல் போனது. அங்கே யாரோடு சண்டை போடுவேன் என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. இங்கே யாரோடு என்று தெரியும்.