குளிருக்கு வராத கார்

செய்தி வந்தபோது பின்னேரம் ஐந்தேகால் மணி. தை மாதம், வெளியே இருட்டிவிட்டது. தம்பிமுத்து தன் பழைய ஃபோர்ட் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு காற்சட்டை, காதை மூடிய கம்பளித் தொப்பி. அவருடைய மனைவி தவமலர் கராஜ் வாசலில் நின்று, தொலைபேசியில் கேட்டதை அப்படியே சொன்னார். காருக்கு அடியிலிருந்து நட்டு ஒன்று இறுகும் ஓசை மட்டும் கேட்டது. அது கடைசிச் சுற்றுவரை இறுகி முடிந்த பிறகுதான் அவர் ஊர்ந்து வெளியே வந்தார்.

"உங்கட மனிசன் போயிட்டார் எண்டு சொல்றன், இந்த மனிசன் நட்டு இறுக்குது, ரீச்சர்" என்று தவமலர், ஊரில் ஆசிரியையாக இருந்த என்னிடம், பிறகு சொல்லி அழுதார். எனக்குக் கோபம் வரவில்லை. தம்பிமுத்துவை அறிந்த எவருக்கும் வராது. இறுக்கத் தொடங்கிய எதையும் அவர் நடுவில் விட்டதில்லை. "களண்ட நட்டு சத்தம் போட்டுச் சொல்லும். அரைவாசி இறுக்கினது சொல்லாமக் கொள்ளாமப் போயிரும்" என்பார். சாப்பிடக் கூப்பிட்டாலும், வீட்டுக்கு ஆள் வந்தாலும், பனி கொட்டினாலும் கடைசிச் சுற்று முடியவேண்டும்.

என் கணவர் தில்லையம்பலம் வேலையால் வரும் வழியில், கென்னடி வீதியில் பஸ் மாறக் காத்து நின்ற இடத்தில் விழுந்து இறந்துபோனார். செய்தி அதுதான்.

தம்பிமுத்து மட்டக்களப்பு ஆள். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு ரொறன்ரோவுக்கு வந்தவர். ஸ்காபரோவில் சைலன்சர் மாற்றும் கடை ஒன்றில் வேலை. வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். குட்டையான, அகன்ற மனிதர். எஞ்சின் ஓடும்போது நீண்ட திருப்புளியின் நுனியை அதில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்திக் கேட்பார். உள்ளே எது தேய்கிறது என்று அப்படித் தெரியுமாம். இந்தப் பழக்கத்தில் தொலைபேசியையும் அவர் காதில் வைப்பதில்லை, அதே எலும்பில்தான் வைப்பார். "காது பொய் சொல்லும், எலும்பு சொல்லாது" என்பது அவர் கட்சி. அதனால் மறுமுனையில் பேசுகிறவர் எல்லாவற்றையும் இரண்டுமுறை சொல்லவேண்டியிருக்கும்.

காருக்கு அவர் வைத்த பெயர் பெரியவர். அது தன்னைவிட மூத்தது என்பதால். நாற்பதாம் ஆண்டில் செய்த இரண்டு கதவு ஃபோர்ட். யாரோ ஓர் இளைஞன் அந்தக் காலத்தில் அதை வாங்கி, முன்பக்கத்தைத் தாழ்த்தி, பெற்றோல் ஊட்டும் காபறேற்றர் இரண்டு பூட்டி, காட்டு மிருகம்போல உறுமும்படி மாற்றியிருக்கிறான். இங்குள்ளவர்கள் இப்படிப்பட்ட கார்களை ஹொட் ரொட் என்கிறார்கள். முற்றிய மாதுளம்பழத்தின் நிறம். எண்பத்தைந்து கோடையில் பிக்கரிங்கில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் கொட்டகையில் இதைக் கண்டபோது, தம்பிமுத்துவைவிட அதிகமாக மயங்கியவர் என் கணவர்தான். யாழ்ப்பாணக் கச்சேரியில் அரசாங்கக் கோப்புகளோடு இருந்து வந்தவர், இங்கே அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் நின்றவர். தன் வாழ்நாளில் சத்தமாக எதையும் செய்ததில்லை. அந்த எஞ்சின் உறுமியதும் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இருவருமாகச் சேர்ந்து வாங்கினார்கள். என் கணவருக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை. பரீட்சைக்குப் போவார், பரிசோதகர் பக்கத்தில் ஏறியதும் எந்தப் பக்கம் திருப்புவது என்று மறந்துவிடும். ஆகவே பக்கத்துச் சீற்றில் இருக்கும் பங்காளி. "ஓட்டுறது நான், ஓட்டம் பாக்கிறது உவர்" என்று தம்பிமுத்து ஆட்களுக்கு அறிமுகம் செய்வார். கோடை ஞாயிறுகளில் ஏரிக்கரை வழியே போவார்கள். பழைய கார் பிரியர்கள் கூடும் இடத்தில் எஞ்சினை மூடும் போனற்றைத் திறந்துவைத்து, வெள்ளைக்காரருக்கு நடுவே கை கட்டி நிற்பார்கள். எங்கள் இரு வீட்டுக்கும் வேறு கார் கிடையாது.

வாங்கிய முதல் வாரத்திலேயே தம்பிமுத்து அந்தத் தவறைச் செய்தார். காருக்குள், பக்கத்துச் சீற்றின் கால்மாட்டில், ஒரு ஹீற்றர் இருந்தது. எஞ்சினின் சுடுதண்ணீர் இரண்டு ரப்பர்க் குழாய்களில் அதற்குள் போய்த் திரும்பும். சின்னக் காற்றாடி அந்தச் சூட்டைக் காலுக்கு ஊதும். மட்டக்களப்பில் அவர் வேலை பழகிய கராஜுக்குள் இங்கிலாந்திலிருந்து வந்த பழைய கார் எது வந்தாலும் முதலில் இதைத்தான் கழற்றுவார்கள். அந்த வெயிலில் அது வெறும் பாரம், ஒழுகினால் தொல்லை. தம்பிமுத்துவின் கை ஆடி மாத வெக்கையில் அதையே செய்தது. ஹீற்றரைக் கழற்றினார், எஞ்சினிலிருந்த இரண்டு வாய்களையும் அடைத்தார், தகட்டிலிருந்த இரண்டு துளைகளையும் ஒட்டித் தேய்த்து நிறம் பூசினார். இருந்த இடம் தெரியவில்லை. கழற்றிய ஹீற்றர் குப்பை வண்டியில் போனது.

ஐப்பசியில் பிக்கரிங் கிழவர் தன் பழைய காரைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தார். கூரையைத் தட்டிக்கொடுத்தார். உள்ளே குனிந்து பார்த்தார். குனிந்தபடியே ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்.

"ஹீற்றர் எங்கையாம்" என்றார் என் கணவர்.

"கேட்டது விளங்கினது."

"அப்ப சொல்லும்."

"ஒழுகினது எண்டு சொல்லு."

என் கணவர் அப்படியே மொழிபெயர்த்தார். போன வருடந்தான் ஒழுகாதபடி புதிதாகப் பற்றவைத்தது, மனைவிக்காகப் போட்டது, அது இல்லாமல் அவள் ஏறமாட்டாள் என்றார் கிழவர். பிறகு எதுவும் கேட்காமல் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் என் கணவர் கராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சனம் குளிரில விறைச்சுச் சாகிற நாட்டுக்கு வந்து, இருந்த ஹீற்றரைக் கழட்டி எறிஞ்ச ஒரே தமிழன் நீர்தான்."

"பனங்கொட்டைக்கு என்னகா தெரியும் மோட்டரைப் பத்தி" என்றார் தம்பிமுத்து. யாழ்ப்பாணத்தாரை அவர் ஊரில் அப்படித்தான் கேலி செய்வார்கள்.

அன்று தொடங்கிய வழக்கு ஓயவில்லை. இன்னொரு ஹீற்றர் தேடிப் பூட்டலாம் என்பது என் கணவர் கட்சி. பூட்டினால் பனிக்காலத்திலும் ஓடலாம், பஸ்சுக்கு நிற்கத் தேவையில்லை. தம்பிமுத்து ஒவ்வொரு முறையும் வேறு காரணம் சொல்வார். முன்னுக்கு அவ்வளவு பெரிய அடுப்பு எரியும்போது உள்ளுக்கும் ஓர் அடுப்பு எதற்கு என்பார். பனிக்கு வீதியில் கொட்டும் உப்பு பெரியவரின் அடித்தகட்டைத் தின்றுவிடும் என்பார். அதில் நியாயமும் இருந்தது. தவமலர் ஒருநாள் இடையில் புகுந்து, "உப்புத் தின்னும் எண்டு கார் கராஜில படுத்திரிக்கி. நாங்க ஸ்னோவுக்க நடந்து போய் சாமான் வாங்கிறம்" என்றார்.

தம்பிமுத்து சொல்லாத காரணத்தை என் கணவர் சொல்லிவிடுவார். "ஒட்டின துளையைத் திரும்ப வெட்டவேணும். தன்ர பிழையைத் தானே வெட்டித் திறக்க இவருக்கு ரோசம்."

குளிர்காலத்தில் இது தொலைபேசி விளையாட்டாக மாறியது. விடிய, பஸ்சுக்கு இறங்குவதற்கு முன், சப்பாத்தைப் போட்டுக்கொண்டே என் கணவர் தம்பிமுத்துவை அழைப்பார்.

"முதலாளி, பெரியவர் இண்டைக்கு வருவாரோ?"

எலும்பில் வைத்துக் கேட்பவருக்கு அதை இரண்டாம் முறையும் சொல்லவேண்டும். பிறகு பதில் வரும், சமையலறையில் நிற்கும் எனக்கும் கேட்கும்படி.

"பெரியவருக்குக் குளிர் ஒத்துவராது. பங்குனி கழியட்டும்."

"எனக்கு ஒத்துவருமோ?"

"உனக்கென்ன, பனங்கொட்டை. எந்தக் குளிருக்கும் வெடிக்காது."

அவ்வளவுதான். வைத்துவிடுவார்கள். அந்தத் தை மாதக் காலையிலும் இதேதான் நடந்தது, ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை.

இரத்தக் குழாய் நெடுநாளாகவே அடைத்திருந்தது, வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தாலும் இது நடந்திருக்கும் என்று வைத்தியர் சொன்னார். நான் அதை நம்புகிறேன். தம்பிமுத்து நம்பவில்லை. செத்தவீட்டில் அவர் வந்தவர்களின் கோட்டுகளை வாங்கி அறைக்குள் கொண்டுபோய் வைத்தார், போகிறவர்களுக்குத் திரும்ப எடுத்துக் கொடுத்தார். எவருடைய கோட் எது என்று அவருக்குத் தவறவில்லை. எல்லோரும் போனபின் என் கணவரின் கோட் மாத்திரம் அவர் கையில் மிஞ்சியது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் நின்றார்.

அதன் பிறகு விடிகாலையில், என் கணவர் அழைக்கும் அந்த நேரத்தில், அவர் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, சுவர்த் தொலைபேசிக்குப் பக்கத்தில் நிற்கிறாராம். தவமலர் கேட்டால், "லேஸ் கட்டுறன்" என்பாராம். "இந்த மனிசன்ட சப்பாத்துக்கு லேஸே இல்ல ரீச்சர்" என்றார் தவமலர்.

அந்தக் கோடையில் பெரியவர் ஞாயிறு ஓட்டத்துக்குப் போகவில்லை. ஒரேயொரு பின்னேரம், நான் தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே அந்த உறுமல் கேட்டது. என் கை தானாக இரண்டாவது கோப்பையை எடுத்துவிட்டது. நான் கீழே இறங்கிப் போவதற்குள் சத்தம் வீதியின் வளைவைத் தாண்டிவிட்டது. பக்கத்துச் சீற் வெறுமையாக இருந்ததைப் பார்க்காதது நல்லது என்று பிறகு நினைத்துக்கொண்டேன். பார்த்திருக்கலாம் என்றும் நினைத்தேன்.

இலையுதிர்காலத்தில் விட்பியில் பழைய கார்ச் சாமான் விற்கும் சந்தை ஒன்றுக்கு அவர் போனார். கழற்றி எறிந்த அதே சாதி ஹீற்றர் ஒன்றைக் கண்டுபிடித்து, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். அடுத்த சனிக்கிழமை அவர் கராஜுக்கு நான் போனபோது, அழகாக ஒட்டி நிறம் பூசிய தகட்டை வெட்டித் துளைகளைத் திறந்திருந்தார். நிறம் உரிந்த விளிம்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டு, என்னைப் பாராமல் சொன்னார்.

"ஒழுகல்ல ரீச்சர். நல்லாத்தான் இருந்தது. கை பழகின பழக்கத்தில கழட்டிப்போட்டன். எந்த ஊரில நிக்கிறன் எண்டு கைக்குத் தெரியல்ல."

"அவருக்கு அது தெரியும் அண்ணை."

"தெரியும். என்ட வாயால ஒருக்காச் சொல்லியிருக்கலாம்."

நான் அப்போதுதான் கேட்டேன். கணவரின் ஆட்டைத் திவசம், முதல் வருட நினைவுநாள், தையில் வருகிறது. அன்று கோயிலுக்கு இந்தக் காரில் போகவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. குளிர்காலத்தில், அவர் கேட்டபடி, அவர் இருந்த சீற்றில்.

"உப்பு?" என்று நானே கேட்டேன்.

"திண்டாத் தின்னட்டும்" என்றார் தம்பிமுத்து. "பெரியவர் வருவார் ரீச்சர்."

மார்கழி முழுவதும் அவர் வேலை செய்தார். ஹீற்றர் பழைய இடத்தில் ஏறியது. காற்றாடி சுழன்றது. புதிய குழாய்கள் துளை வழியே எஞ்சின்வரை போயின. அவர் பூட்டியதை எல்லாம் கடைசிச் சுற்றுவரை இறுக்கினார்.

திவசத்தன்று நான் வெள்ளனவே எழும்பி, கோயிலுக்குப் படையல் சாமானைக் கட்டி வைத்து, கோட்டையும் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். கண்ணால் பார்க்கவில்லை, காதால்தான் காத்திருந்தேன். உறுமல் கேட்கவில்லை. கதவில் தட்டும் ஓசைதான் கேட்டது. தம்பிமுத்துவும் தவமலரும் நின்றார்கள். சப்பாத்துகளில் பனி. பஸ்சில் வந்திருந்தார்கள்.

"குழாயை இறுக்கிற கிளிப் இன்னும் ஒண்டு பூட்ட இரிக்கி ரீச்சர்" என்றார் அவர்.

படையல் கூடையை அவர் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். கோயிலுக்குப் பஸ் மாறுவதற்காக மூவரும் கென்னடி வீதியில், என் கணவர் விழுந்த அதே தரிப்பில் போய் நின்றோம். வடக்கிலிருந்து காற்று வெட்டியது. தம்பிமுத்து கூடையோடு சுற்றிவந்து, எனக்கும் காற்றுக்கும் நடுவில் நின்றுகொண்டார். பஸ் வர நெடுநேரம் ஆயிற்று. அவர் வீதியைப் பார்த்துத்தான் பேசினார்.

"அந்தக் கிளிப்பைப் பூட்டினா முடிஞ்சிரும். மறுகா விடிய அவன் என்னத்தைக் கேப்பான்?"

தவமலர் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டார்.

இப்போது பங்குனி. பனி உருகி ஓரமாக அழுக்காகக் கிடக்கிறது. சில சனிக்கிழமைகளில் நான் அந்தக் கராஜுக்குப் போகிறேன். அவர் எனக்குப் பக்கத்துச் சீற்றின் கதவைத் திறந்துவிடுவார். நான் ஏறி இருப்பேன். காற்றாடியைப் போட்டுவிடுவார், அது என் காலுக்குக் குளிர்காற்றை ஊதும். பிறகு போனற்றைத் திறந்து குனிவார். இரண்டு குழாய்களில் ஒன்று எஞ்சினில் பொருந்தி, கிளிப்பும் இறுகியிருக்கிறது. மற்றது எஞ்சினின் வாயில் சும்மா செருகி நிற்கிறது. அதற்குரிய கிளிப் அவருடைய சட்டைப்பையில் இருக்கிறது. எடுத்துப் பார்ப்பார், துணியால் துடைப்பார், திரும்பப் பையில் போட்டுக்கொள்வார்.