கூண்டுக்குள் காற்றடிக்கும் கடை

கண்ணுக்குத் தெரியாத சரக்கை விற்று, அந்தச் சரக்காலேயே செத்தும் போகக்கூடிய தொழில் லாரி டயர் கடை. கும்மிடிப்பூண்டி பைபாஸில் கடை வைத்திருக்கிறேன். கஸ்டமர்களிடம் மாரடிக்கும் சக கடைக்காரர்களே, எனக்குக் கோபம் அதிகம் என்று ஊரே சொல்கிறது. நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஊன்றிய கால்

பழைய லாரிச் சக்கரத்தில் டயர் கழன்று வராமலிருக்க லாக் ரிங் என்று ஓர் இரும்பு வளையம் உண்டு. அது சரியாக உட்காராத நிலையில் காற்று ஏறினால் குண்டு மாதிரி கிளம்பும். நான் தொழில் பழகிய கடையில் அது தகரக் கூரையைப் பொத்துக்கொண்டு போனது. அதனால்தான் சொந்தக் கடை போட்டதும் கனமான இரும்புக் குழாயில் ஒரு கூண்டு அடித்தேன். சக்கரத்தை உள்ளே தள்ளிவிட்டுத் தூர நின்றுதான் காற்றடிப்பேன். குழாய்க்காரனைப் பேரம் பேசியே அழ வைத்தேன். ஆனால் மெல்லிசுக் குழாயைத் தொடவில்லை.

கடம்பத்தூர் டிரைவர் ஒருவருக்குக் கூண்டு பிடிக்கவில்லை. உள்ளே தள்ளி வெளியே எடுப்பதற்குள் நாஷ்டா கடையில் பூரி தீர்ந்துவிடுமாம். முடியாது என்று கத்தினேன். அவர் சக்கரத்தைத் தரையில் படுக்கப் போட்டு, ரிங் மேல் செருப்புக் காலை ஊன்றிக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொன்னார்: "நான் மிதிச்சிக்கினு கீறேண்ணா, நீ தகிரியமா அடி."

இலவசம்

பக்கத்தில் வெல்டிங் கடை. நெல் மூட்டை ஏற்றும் டிரெய்லர்க்காரர் ஒருவர், விரிசல் விட்ட சக்கரத்தை அங்கே உருட்டிக்கொண்டு போனார். டயர் மாட்டியபடி, காற்றும் முழுசாக இருந்தபடி! சூடு ஏறினால் உள்ளே இருக்கும் காற்று சும்மா இருக்குமா? ஓடிப்போய் வெல்டிங் ராடைப் பிடுங்கி எறிந்தேன். டயரைக் கழற்றிக் கொண்டுவா என்றால், கழற்றுகிற கூலிக்காகத்தான் பயம் காட்டுகிறேன் என்கிறார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கூலியே வேண்டாம், சும்மாவே கழற்றித் தருகிறேன் என்று கத்தினேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ அந்தாண்ட சக்கரத்தையும் கழட்டிடு. அதுலயும் இன்னாவோ ஒரு கோடு தெரியுது."

பந்தயம்

தடா பக்கத்து லாரி முதலாளி ஒருவர். நைனா என்றுதான் கூப்பிடுவோம். என் கடைக்கு வரும் வண்டிகளில் பாதி அவருடையது. அன்றைக்கு லோடு ஏற்றிய வண்டியில் இரண்டு சக்கரம் பஞ்சர். அவசரம், கூண்டை விடு, இல்லாவிட்டால் என் வண்டி எல்லாம் எதிர்க் கடைக்குப் போகும் என்றார். அங்கே கூண்டும் கிடையாது, கத்தலும் கிடையாது. பாதி வியாபாரம் போனால் கடைக்கு ஷட்டர்தான். இருந்தும் மாட்டேன் என்றேன். ஒரு சக்கரத்தை என்னிடம் விட்டுவிட்டு, இன்னொன்றை டிரைவர் முருகனிடம் கொடுத்து எதிர்க் கடைக்கு அனுப்பினார். எது முதலில் முடிகிறது பார்ப்போம் என்று டீ கிளாஸோடு என் பக்கத்தில் நின்றார்.

பாதிக் காற்றுகூட ஏறியிருக்காது. வெடித்தது. துருப் பிடித்த ரிங் கூண்டில் மோதி, ஒரு குழாயை வில்லாக வளைத்துவிட்டு உள்ளேயே விழுந்தது. நைனாவின் டீ முழுக்கச் சட்டையில். வகையாக நாலு வார்த்தை கேட்க நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. எதிரே, முருகன் சக்கரத்தின் மேல் குனிந்து காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தான். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே ஓடினார் அந்த மனுஷன். விட்டுட்டு வாடா, வண்டி லேட்டா போனாப் போவுது என்று அவர் கத்தியது ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேட்டது.

முருகனையும் சக்கரத்தையும் அவரே கூட்டிவந்தார். மூச்சு வாங்க, வளைந்த குழாயைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கூண்டு நல்லாத்தான் கீது. ஆனா ஒண்ணே ஒண்ணு வச்சிக்கினு இன்னாய்யா வேகம் வரும்? இன்னொண்ணு கட்டு."

நான் தொண்டை கிழியக் கத்தியும் கிடைக்காத மரியாதையை ரிங் ஒரே சத்தத்தில் வாங்கித் தந்துவிடுகிறது. அதைக் கேட்க நமக்குக் காது மிச்சம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.